பகவதி டீச்சரின் பெருவிரல்

பகவதி டீச்சரின் வலது கைப் பெருவிரல் இல்லாமல் தேரடிக்குளம் மேலத்தெருவில் ஒரு கோலப் படம்கூட வீடு மாறாது. இப்படித் தெரு சொல்லிச் சொல்லிக் கடைசியில் டீச்சரும் அதை நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமை காலை ஆனால் போதும், தலைக்குக் குளித்த ஈரத்தோடு பெண்கள் அவள் வீட்டு முன்னறையில் வரிசையாக உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டுவார்கள். "சுத்தம் பண்ணிக் குடுங்க டீச்சர்." டீச்சரும் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்ப்பாள்.

சுத்தம் செய்தது கையை அல்ல, கையில் கிடந்த காப்பை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டிலிருந்த தகவல் கிடங்குகளை எல்லாம் இழுத்து மூடி ரொம்ப வருஷமாகிவிட்டது. அதற்கு முன்னால் நம்முடைய படம், பேச்சு, வியாதி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கண்காணாத இடத்துக் கட்டடங்களில் அடுக்கிக் கிடந்தன. யார் யாரோ எடுத்து விற்றார்கள், மானத்தை வாங்கினார்கள். ஜனங்கள் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தபிறகு, இனி நடுவில் எவரும் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. எல்லார் மணிக்கட்டிலும் காப்பு ஏறியது. அனுப்புகிற கோப்பு ஒரு காப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த காப்புக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. தாவியபின் பழைய இடத்தில் அதன் தூசிகூட இருக்காது. உரியவர் வாங்கிக்கொள்ளும்வரை யாரோ ஒருவர் கையில் அது காத்துக் கிடக்கும். எந்தெந்தக் காப்பு வழியாக வந்தது என்கிற தடம் மட்டும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும்.

சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. யார் வழியாக வருவதை வாங்கலாம், யார் வழியாக வருவதை மறுக்கலாம் என்பது அவரவர் உரிமை. சென்னையில் உட்கார்ந்து எழுதியவர்கள் திருட்டுப்பயல்களையும் விளம்பரக்காரர்களையும் மனசில் வைத்துத்தான் எழுதினார்கள். மேலத்தெருவுக்கு அந்த வரியைப் படித்தவுடன் வேறு ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே, பைபாஸ் ரோட்டை ஒட்டி, காலனி இருக்கிறதே!

முதலில் காலனிக் காப்புகளிலிருந்து நேராக வருவதை மட்டும்தான் மறுத்தார்கள். ஒருநாள் எதிர்வீட்டு உலகம்மை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், எம் பேத்திக்கு மொட்டை போட்ட படம் வந்துது பாத்துக்கோங்க. எவ்வளவு ஆசையாத் தொறந்தேன்! தடத்தப் பாத்தா, அந்தச் சர்பத் கடைக்காரி கை வழியா வந்திருக்கு. குடிச்ச காப்பி தொண்டைக்குள்ள நின்னுட்டு."

பகவதி டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு கணக்கைப் பாதியில் விட அவளுக்கு மனசு வராது.

"நேரா வாங்காம இருந்தா மட்டும் போதாது மைனி. நடுவுல ஒரு தடவ பட்டிருந்தாலும் பட்டதுதான. தடத்துல எங்கயாவது காலனி இருந்தா மறுன்னு வச்சிருதேன். அப்ப அது சுத்தமான வழி கெடைக்க வரைக்கும் வெளிய கெடந்து காத்திருக்கும்."

"அப்படி வைக்க முடியுமா?"

"ஏன் முடியாது? கணக்குத்தான."

அப்படித்தான் அந்த விதி பிறந்தது. ஆளாளுக்குக் கை வைத்துக் குளறுபடி செய்யக் கூடாது என்று ஒவ்வொரு காப்பிலும் விதியைத் தன் பெருவிரல் ரேகையால் பூட்டினாள். தெருவில் எவராவது எப்படியாவது விதியை மீறிக் காலனி வழியாக எதையாவது வாங்கிவிட்டால் மற்ற எல்லார் காப்பிலும் மஞ்சள் விளக்கு எரியும்படியும் செய்தாள். இதனால் கரண்ட் பில் தாமதமாக வந்து இரண்டு முறை தெருவே இருட்டில் கிடந்தது. மதுரையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் சண்டை போட்டு முடித்த பிறகு வந்து சேர்ந்தது. தெரு வாய் திறக்கவில்லையே! சுத்தத்துக்காக அந்தக் கஷ்டம்கூடப் படாவிட்டால் எப்படி என்று பேசிக்கொண்டார்கள்.

வாய் திறந்தவள் ஒருத்திதான். டீச்சரின் ஒரே மகள் நித்திலா. பைபாஸ் பக்கத்தில் சூரியத் தகடுகள் பரத்திய பெரிய மின்பண்ணை இருந்தது, அதில் வேலை. சிரித்தால் மேல் ஈறு தெரியும். அம்மாவை வம்புக்கிழுக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, காத்து கூட கெழக்க இருந்துதான் வருது. அதுக்கும் தடம் பாத்துத்தான் மூச்சு இழுப்பியா?"

"வாய மூடிட்டுத் தின்னு. ஊரோட ஒத்து வாழணும்."

"ஊருன்னா வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டுமா?"

அப்பா கைலாசம் தலையைத் தூக்காமல் சாப்பிடுவார். தெருக் கோயில் கமிட்டியில் அவர்தான் தலைவர். வீட்டில் டீச்சர்தான் எல்லாம் என்பதால் அவர் பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. கடைசியில் நித்திலாவும் "என்னத்தையும் பண்ணிக்கோ" என்று கையை நீட்டிவிடுவாள். அம்மாவிடம் அவள் ஜெயித்ததே கிடையாது.

அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே நெஞ்சில் கோளாறு. துடிப்பு நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். திருநெல்வேலிப் பெரிய டாக்டர் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார். அன்றைக்கு அவர் இவர்களை உட்கார வைத்துச் சொன்னதை டீச்சர் வரிவிடாமல் ஞாபகம் வைத்திருந்தாள்.

"இவங்க நெஞ்சு எந்த வேகத்துல ஓடணும்ங்கறது ஒரு கோப்புல இருக்கு. எங்ககிட்ட பிரதி கிடையாது. சட்டப்படி நாங்க வச்சிருக்கக் கூடாது. ஒண்ணு இவங்க காப்புல இருக்கும். இன்னொண்ணு, இவங்க யாரச் சாட்சின்னு சொல்றாங்களோ அவங்க காப்புல. இவங்க காப்புக்கு ஏதாவது ஆயிட்டா, சாட்சி 'சரி'ன்னு அழுத்தி அனுப்பினாத்தான் எந்த டாக்டரும் அந்தக் கருவியத் தொட முடியும்."

"அவசரம்னா சார்?" என்று கைலாசம் கேட்டார்.

"அவசரத்துக்குன்னு ஒரு புறவாசல் விட்டா, அது வழியா எல்லாவனும் நுழைஞ்சிருவான்னு விடல."

"அதுவும் சரிதான" என்றாள் டீச்சர். அவளுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. மகளுக்குச் சாட்சி அவள். பிறகு கைலாசத்துக்கு முற்றிப்போன சர்க்கரை வியாதிக்காக இடுப்பில் மருந்துக் கருவி பொருத்தியபோது அவருக்கும் சாட்சி அவள்தான். வீட்டில் இரண்டு உயிர் தன் மணிக்கட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பூரிப்பு.

உலகம்மை மகள் கல்யாணத்தன்று நித்திலாவுக்கு அரைநாள் வேலை இருந்தது. "முகூர்த்தத்துக்குள்ள வந்திருவேன், எனக்குன்னு முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வை" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போனாள். டீச்சர் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு மண்டபத்தில் சீர்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு மகளுக்கு இடம் பிடித்திருந்தாள்.

அப்போது மணிக்கட்டு நடுங்கியது. வேண்டாத கோப்பு ஒன்றை மறுத்தால் காப்பு அப்படித்தான் ஒருமுறை நடுங்கிச் சொல்லும். டீச்சர் சட்டை செய்யவில்லை. மறுபடி நடுங்கியது. மூச்சு விடும் நேரத்தில் மறுபடி. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

"என்ன டீச்சர், கை ஆடுது?" என்றாள் உலகம்மை.

"எவனோ காலனி வழியா எதையோ தள்ளிட்டே இருக்கான் மைனி. ஒரே தொந்தரவு."

அவள் காப்பைத் திருப்பி நடுக்கத்தை அணைத்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

பாவி! அந்த நேரத்தில் அவள் பெற்ற மகள் பைபாஸ் ஓரத்துச் சர்பத் கடைப் பெஞ்சில் படுத்துக் கிடந்தாள். மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலில் ஸ்கூட்டர் சறுக்கி, பிள்ளை தடுப்புக் கல்லில் போய் மோதியிருந்தாள். வெளிக்காயம் பெரிதாக ஒன்றுமில்லை. காப்பு நொறுங்கிவிட்டது, நெஞ்சுக் கருவி தாறுமாறாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. காலனிக்காரர்கள் நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரம்மா ஓடிவந்தாள். "கோப்பு வேணும், கோப்பு இல்லாம என்னால தொட முடியாது" என்றாள். பைபாஸிலிருந்து மேலத்தெருவுக்கு ஒரு கோப்பு போக வேண்டுமானால் காலனியைத் தாண்டாமல் எப்படிப் போகும்? கடைக்காரி ஜெபராணி தன் காப்பில் பிள்ளையைப் பேச வைத்து அனுப்பினாள். வாய்க்கால் வரை போனது. கோயில் வாசல் வரை போனது. வெளியூர் விருந்தாளிகளின் காப்புகள் வழியாக மண்டபத்துக்குள் நுழைந்து, பெற்றவள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பி வந்தது.

ஜெபராணியின் புருஷன் தாசன் பைக்கை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே பறந்தான். வாசலில் தெருப் பையன்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றார்கள். வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு ஒருவன் உள்ளே பாய்ந்தால் விடுவார்களா? "டீச்சர் மகளுக்கு..." என்று அவன் கத்தியபோது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற கைலாசம் திரும்பிப் பார்த்தார். தாலி ஏறுகிற நேரத்தில் இதென்ன அசிங்கம் என்று வெளியே கொண்டுபோகச் சொல்லிக் கையைக் காட்டினார். கொண்டுபோனார்கள். மேளம் ஓய்ந்து, அட்சதை போட்டு, பந்திக்கு இலை விரிக்கும்போதுதான் வாசலில் ஒருவன் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதை எவரோ வந்து சொன்னார்கள்.

டீச்சர் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா பெஞ்சின் பக்கத்தில் முழங்காலிட்டு இரண்டு கையாலும் பிள்ளையின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோப்பு! கோப்ப அனுப்புங்க முதல்ல!"

டீச்சர் 'சரி' அழுத்தினாள். டாக்டரம்மாவின் காப்பு ஒரு முழ தூரத்தில் இருந்தது. நடுவில் எவர் கையும் இல்லை. கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் தாவியது. டாக்டரம்மா அதைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், அமுக்குவதை நிறுத்தினாள்.

"இவ்வளவு நேரமா எங்கம்மா போயிருந்தீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

துக்கத்துக்கு மேலத்தெரு ஒரு குறையும் வைக்கவில்லை. உலகம்மை, மகள் மறுவீடு போகும் வேலையைக்கூட விட்டுவிட்டு வந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு கதறினாள். பதினாறாம் நாள் விசேஷம் வரை வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த விதியைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ரோட்டில் கிடந்த பிள்ளையைக் கண்டபடி தூக்கினதால்தான் கருவி பிசகிவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். மணல் லாரி ஓட்டினவனே காலனிக்காரனாம் என்று இன்னொருத்தர் எங்கிருந்தோ கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கைலாசம் அதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு அப்படி ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. டீச்சர் தலையாட்டவில்லை, மறுத்தும் பேசவில்லை. அணைத்து வைத்திருந்த நடுக்கத்தை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டாள். இனி எது நடுங்கி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினாள். பைபாஸில் சர்பத் கடையைத் தாண்டும்போது மணிக்கட்டு நடுங்கியது. சாயங்காலம் திரும்பும்போதும் நடுங்கியது. மறுநாளும் அதே இடம், அதே நடுக்கம். வேறெங்கும் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு இது புரியாதா? சேர வேண்டிய கைக்குச் சேராத கோப்பு ஒன்று அந்தக் கடையில் உயிரோடு இருக்கிறது. ஆள் அருகில் வரும்போதெல்லாம் கதவைத் தட்டுகிறது. ஒரு வாரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அந்த நடுக்கத்தை வாங்கினாள். அடுத்த வாரம், கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிட்டாள்.

ஜெபராணி நன்னாரி பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும், திடமான தோள், எவருக்கும் அடங்காத பார்வை. டீச்சரைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பிள்ள ஏதாவது பேசியிருக்காளா?" என்றாள் டீச்சர். குரல் அவளுடையதாக இல்லை.

"பேசியிருக்கா."

"ஒன் கையிலயா இருக்கு?"

"பின்ன? நீங்க வாங்கலையே. வாங்கினாத்தான என் கைய விட்டுப் போவும்? அழிச்சிருப்பேன். பலதடவ அழிக்கப் போனேன். முடியல. உங்க மேல உள்ள எரக்கம்னு நெனச்சிராதிய. அந்தப் பிள்ள எம் மடியில தல வச்சிருந்தா. அதுக்காவ."

டீச்சர் பெஞ்சைப் பார்த்தாள். உட்காரத் தோன்றாமல் நின்றாள்.

"திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருந்தேன் டீச்சர். எல்லாம் திரும்பி வருது. எனக்கு ஆத்திரம் தாங்கல, கெட்ட வார்த்தையா வருது வாயில. அந்தப் பிள்ள என்ன சொல்லுது தெரியுமா? 'கல்யாண வீட்டுல சத்தமா இருக்கும்க்கா, காப்பு நடுங்கிட்டே இருந்தா எங்கம்மா பூட்டத் தொறந்து எடுத்திருவாவ, நீங்க அனுப்புங்க'ங்குது. ஒரு தடவகூட அது சந்தேகப்படல. நாந்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு உங்களத் தெரியும்லா."

"என்ன எப்படித் தெரியும்?"

ஜெபராணி துணியை உதறிப் போட்டாள். "ஏழாங்கிளாஸுல உங்கட்டதான் கணக்குப் படிச்சேன். எம்பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

வகுப்பில் தான் பாரபட்சமே பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காலனிக் காப்புகள் அத்தனையையும் ஒரே கூட்டாக, ஒரே அழுத்தில் மறுத்தவள் அவள். தனித்தனிப் பேருக்கு அங்கே இடமே விட்டதில்லை.

"ஜெபராணி. அந்தப் பேர உங்க கையாலேயே உங்க காப்புல 'வாங்கலாம்'னு சேத்துக்கோங்க. சேத்தா அது தன்னால வரும். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம்."

டீச்சர் பெருவிரலை வைத்தாள். பூட்டு திறந்தது. எழுத்து எழுத்தாகப் பேரை ஏற்றினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இந்நேரம் தெரு முழுக்க மஞ்சள் விளக்கு எரியும் என்பது அவளுக்குத் தெரியும். 'சரி' அழுத்தினாள்.

மணிக்கட்டு நடுங்கவில்லை. சின்னதாக ஒரு மணிச் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா, நாந்தான். பயப்படாத, நல்லாத்தான் இருக்கேன். வண்டி சறுக்கிட்டு, காப்பு நொறுங்கிட்டு. நெஞ்சு கொஞ்சம் ஆட்டம் போடுது. டாக்டருக்கு என் கோப்பு வேணுமாம். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒரு 'சரி' மட்டும் அழுத்தும்மா. அவ்வளவுதான். நாற்காலிய யாருக்கும் குடுத்திராத, வந்திருவேன்."

அப்புறம் மின்விசிறிச் சத்தம், அதோடு முடிந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெபராணி தன் காப்பைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளையின் குரல் அவள் கையை விட்டுப் போயிருந்தது. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"உங்களுக்குத் தாகமா இருக்கும். ஒரு சர்பத் போட எனக்கு எவ்வளவு நேரமாவும்? ஆனா குடுக்க மாட்டேன். வாங்குவியளா மாட்டியளான்னு உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்க எனக்கு இனிமே முடியாது. அடுத்த பஸ் வருது, ஏறிப் போங்க."

டீச்சர் ஏறிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முன்னறை நிறைந்துவிட்டது. இந்தத் தடவை ஆம்பிளைகளும் வந்திருந்தார்கள். எவரும் கோபமாக இல்லை, அதுதான் கொடுமை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பூப்போலப் பேசினார்கள். உலகம்மைதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர், உங்க மனசு எங்களுக்குப் புரியாதா? பெத்த வயிறு, வாங்கிட்டிய. குத்தம் சொல்லல. ஆனா விதின்னு ஒண்ணு நீங்க வச்சதுதான. இனி உங்க காப்பு வழியா எது வந்தாலும் அது பட்டதுதானே?"

"ஆமா. பட்டதுதான்."

"அப்ப உங்களையும் அந்தக் கூட்டத்துல சேத்து மறுக்கணும்லா. அதை நாங்களே பண்ணிருவோம், உங்களச் சங்கடப்படுத்தாண்டாம்னுதான் பாத்தோம். பூட்டு உங்க பெருவிரல்லல்லா இருக்கு." உலகம்மை மணிக்கட்டை நீட்டினாள். "வச்சுக் குடுத்திருங்க டீச்சர்."

டீச்சர் அந்தக் கையைப் பிடித்தாள். இந்தப் பெருவிரல் ஒன்று போதும், ஒவ்வொரு காப்பிலும் விதியையே துடைத்து எறிந்துவிடலாம். முந்தின ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது இந்த முகங்களைப் பார்த்தாள். மகளுக்கு வாய்க்கரிசி போட்ட கைகள் வரிசையாக அவள் முன்னால் நீண்டிருந்தன. அவளுக்குள் என்னவோ ஒன்று இறுகிக் கல்லாகிவிட்டது.

"நல்லா யோசிச்சுக்கோங்க மைனி. என்னையும் மறுத்துட்டா இதத் தொறக்க ஆள் கெடையாது. இன்னொருக்கா நான் விரல் வைக்க மாட்டேன். செத்தாலும் வைக்க மாட்டேன். உங்க மக முழுகாம இருக்கான்னு சொன்னிய. அவளுக்குப் பைபாஸ்ல ஒண்ணுன்னா உங்களுக்குச் சேதி வராது. எம் பிள்ளைக்கு வராத மாதிரி."

உலகம்மை கையை இழுத்துக்கொள்வாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். உலகம்மை பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடவுள் விட்ட வழி. நீங்க வைங்க டீச்சர்."

டீச்சர் வைத்தாள். தன் பேரைக் காலனிக் கூட்டத்தில் சேர்த்து, 'சரி' அழுத்தி, அடுத்த கையைப் பிடித்தாள். ஒருவர்கூட வேண்டாம் என்று எழுந்து போகவில்லை. முடித்துக்கொண்டவர்கள் வழக்கம்போல "வாறோம் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார்கள். வழக்கமாக இலையில் சுற்றி வைத்துவிட்டுப் போகும் பூவை மட்டும் எவரும் வைக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு கைலாசம் அடுக்களைப் பக்கத்திலிருந்து வந்தார். எதிரே உட்கார்ந்தார். அவரும் மணிக்கட்டை நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் சோறு பிசைந்து பார்த்த கை. மண்டபத்தில் தாசனை வெளியே கொண்டுபோகச் சொன்னதும் அதே கைதான்.

"நான் உங்களுக்குச் சாட்சி. ஞாபகம் இருக்கா? மருந்துக் கருவிக்கு ஒண்ணுன்னா கோப்பு எங்கிட்டதான் இருக்கு. கருவி உங்க காப்பு வழியாத்தான் அத வாங்கும். என்ன மறுத்துட்டா அது உங்களுக்கு வராது. சாட்சிய மாத்தணும்னாலும் நான் அனுப்பணும், அதுவும் வராது."

"கமிட்டித் தலைவர் வீட்டுலயே விதிய எடுத்துட்டாம்பான். நாளைக்கு நாலுபேர் முகத்துல முழிக்கணும்லா பகவதி." குனிந்த தலை நிமிரவில்லை. "ஒண்ணும் ஆவாது. ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எங்கிட்ட அத அனுப்பாண்டாம். நான் காதுல வாங்க மாட்டேன். நீ வாயால சொன்னாப் போதும்." கண்ணீர் பொலபொலவென்று மடியில் விழுந்தது. "பிள்ள கடைசியில என்ன சொன்னா?"

டீச்சர் அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டில் பெருவிரலை வைத்தாள், திறந்தது. தன் பேரைச் சேர்த்தாள்.

"ஒரு 'சரி' மட்டும் அழுத்தச் சொன்னா" என்று சொல்லி, அழுத்தினாள்.

அவர் மணிக்கட்டில் காப்பு ஒருமுறை நடுங்கி அடங்கியது.